பதினெட்டு முறை ஒன்றும் நடக்கவில்லை

அபூர்வ நிகழ்வுகள் எத்தனை முறை நேரும் என்று கணிக்கும் பாய்சான் பரவலைப் பாடம் எடுக்கும் எந்த ஆசிரியரும் குதிரைக் கதையைச் சொல்லாமல் இருக்கமாட்டார். கல்லூரியில் புள்ளியியல் நடத்திய காலமெல்லாம் நானும் அதைச் சொல்லியே ஓட்டினேன். 1898-ல் போர்ட்கீவிச் என்பவர் ஒரு சிறு புத்தகம் போட்டார். பிரஷ்யப் படையில் குதிரை உதைத்துச் செத்த வீரர்களின் கணக்கு அதில் இருக்கிறது. பாடத்துக்கு எடுத்துக்கொள்வது அதில் பத்துப் படைப்பிரிவு, இருபது ஆண்டு, ஆக 200 பதிவுகள். மொத்தச் சாவு 122. ஒரு பிரிவுக்கு ஓராண்டில் சராசரி 0.61. இந்த ஓர் எண்ணைப் பாய்சான் சூத்திரத்தில் போட்டால், சாவே நேராத பதிவுகள் சுமார் 109 இருக்கவேண்டும் என்று வரும். இருந்ததும் 109. ஒரே ஒரு சாவு நேர்ந்தவை 66 இருக்கவேண்டும். இருந்தவை 65.

மாணவிகள் ரசிப்பார்கள். பின்வரிசையிலிருந்து யாராவது ஒருத்தி, "இதனால யாருக்கு மேடம் என்ன லாபம்?" என்பாள். நியாயமான கேள்விதான். செத்தவன் செத்ததுதான், குதிரையும் உதைப்பதை விடவில்லை. அந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் எனக்கு ஓர் உடலியல் பாடநூலில்தான் கிடைத்தது. அதே சூத்திரத்தை வைத்துக்கொண்டு, கண்ணால் காணமுடியாத ஒன்று நரம்பு நுனியில் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கண்டுபிடித்தவர் பெர்னார்ட் காட்ஸ். 1911-ல் லைப்சிக் நகரில் பிறந்த யூதர். ஹிட்லரின் ஜெர்மனியில் தனக்கு இடமில்லை என்று தெரிந்ததும் 1935-ல் லண்டனுக்கு வந்து சேர்ந்தார். பிறகு சிட்னி போனார், போர்க்காலத்தில் ஆஸ்திரேலிய விமானப் படையில் ரேடார் அதிகாரியாக இருந்தார், 1946-ல் மறுபடி லண்டன் யுனிவர்சிட்டி காலேஜுக்கே திரும்பினார். ரேடார் வேலையில் பழகியவருக்கு ஒரு நல்ல பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கிறேன். திரையில் தெரியும் இரைச்சலை அவர் சும்மா ஒதுக்கிவிடமாட்டார்.

நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் நடப்பதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். நரம்பு வழியே மின்துடிப்பு வருகிறது. நரம்பு நுனி அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகிறது. தசை இழையின் மேலிருக்கும் ஏற்பிகள் அதை வாங்கிக்கொள்ள, தசையில் மின்னழுத்தம் மாறி, அது சுருங்குகிறது. 1950 வாக்கில் இவ்வளவும் தெரிந்துவிட்டது. அந்த வேதிப்பொருள் எப்படி வெளியே வருகிறது என்பது மட்டும் தெரியவில்லை. குழாய்த் தண்ணீர்போல ஒழுகி வருகிறதா, அளந்து கட்டிய பொட்டலங்களாக வருகிறதா?

காட்ஸும் பால் ஃபாட்டும் தவளைத் தசையில் நுண்ணிய கண்ணாடி மின்முனையைக் குத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நரம்பை யாரும் தூண்டவில்லை. ஆனாலும் அரை மில்லிவோல்ட் அளவுள்ள சின்னச்சின்னத் துடிப்புகள், ஒழுங்கில்லாத இடைவெளியில், தாமாகவே வந்துகொண்டிருந்தன. வேறு யாராவது இருந்தால் கருவியில் கோளாறு என்று ஒயரைச் சரிபார்த்துவிட்டு நகர்ந்திருப்பார்கள். இவர்கள் அந்தத் துடிப்புகளை அளந்தார்கள், எண்ணினார்கள், 1952-ல் விரிவாக வெளியிட்டார்கள்.

அடுத்து ஹோசே டெல் காஸ்டியோ என்ற ஸ்பானியருடன் சேர்ந்து காட்ஸ் செய்ததுதான் புள்ளியியல்காரிக்குப் பிடித்த பகுதி. நரம்பைத் தூண்டினால் சாதாரணமாகத் தசையில் பெரிய மின்மாற்றம் வரும். அந்தப் பெரிய அலைக்குள் சிறு துண்டுகள் இருந்தாலும் அடையாளம் தெரியாது. அதனால் திரவத்தில் கால்சியத்தைக் குறைத்து, மக்னீசியத்தைக் கூட்டினார்கள். நரம்பு நுனி கஞ்சத்தனம் பண்ண ஆரம்பித்தது. ஒரு தூண்டலுக்கு ஒரு சிறு துடிப்பு, இன்னொன்றுக்கு அதுபோல் இரண்டு மடங்கு, சிலவற்றுக்கு மூன்று மடங்கு. சில தடவை தூண்டியும் ஒன்றுமே வராது.

அந்த ஒன்றுமே வராத தடவைகளில்தான் விஷயம் இருக்கிறது. பாய்சான் பரவலில் சுழி நிகழ்வதற்கான நிகழ்தகவு சராசரியை மட்டும் பொறுத்தது. ஆகவே எத்தனை தடவை ஒன்றும் வரவில்லை என்று எண்ணினாலே சராசரியாக எத்தனை பொட்டலம் வருகிறது என்று சொல்லிவிடலாம். ஒரு துடிப்பின் உயரத்தைக்கூட அளக்கத் தேவையில்லை.

பாடநூல்களில் இன்றும் அச்சாகிக்கொண்டிருப்பது 1956-ல் பாய்ட், மார்ட்டின் இருவரும் பூனைத் தசையில் எடுத்த கணக்கு. நரம்பை 198 முறை தூண்டினார்கள். தானாக வரும் சிறு துடிப்பின் சராசரி உயரம் 0.4 மில்லிவோல்ட். தூண்டலுக்கு வந்த பதில்களின் சராசரி உயரத்தை இந்த 0.4-ஆல் வகுத்தால் 2.33. அதாவது ஒரு தூண்டலுக்குச் சராசரியாக 2.33 பொட்டலம். 2.33-ஐச் சூத்திரத்தில் போட்டால், 198-ல் 19 முறை ஒன்றும் வரக்கூடாது. எண்ணிப் பார்த்தால் 18 முறை வரவில்லை. இப்போது தலைகீழாகப் போய்ப் பாருங்கள். 198-ஐ 18-ஆல் வகுத்தால் 11. அதன் இயல் மடக்கை 2.40. உயரத்தை அளந்து போன வழியில் 2.33, வராததை எண்ணிப் போன வழியில் 2.40. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வழியில் போய் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து நிற்கிறோம். பதில்களின் உயரத்தைப் பட்டை வரைபடமாகப் போட்டபோது 0.4, 0.8, 1.2 என்ற இடங்களில் மேடுகள் தெரிந்தன. ஒழுகி வருவதாக இருந்தால் மேடு ஏன் வரவேண்டும்?

ஏறத்தாழ அதே சமயத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நரம்பு நுனிகளைப் பார்த்தவர்கள் உள்ளே ஒரே அளவிலான குட்டிக் குட்டி உருண்டைப் பைகள் அடைந்திருப்பதைக் கண்டார்கள். ஒவ்வொன்றின் குறுக்களவும் சுமார் 50 நானோமீட்டர். கணக்கு சொன்ன பொட்டலத்துக்கு இப்படி உருவம் கிடைத்தது. காட்ஸுக்கு 1970-ல் நோபல் பரிசும் கிடைத்தது. மூளையின் வேலையைக் கணிதத்தால் விளக்கும் துறைக்கு இன்று கணக்கீட்டு நரம்பியல் என்று பெயர் வைத்து, பெரிய பெரிய கணினிகளை ஓடவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்தத் துறையின் மிக அழகான கணக்கு இன்னும் இந்தப் பதினெட்டுதான். ஒரு தாளும் மடக்கை அட்டவணையும் போதும்.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அதற்கு ஒரு தெருக்கோயில் உண்டியலை எடுத்துக்கொள்வோம். வருகிற ஒவ்வொருவரும் ஒரே ஒரு நாணயம் போடுகிறார். எல்லாரும் போடுவது ஒரே வகை நாணயம். பூசாரி தினமும் இரவு மொத்தத் தொகையை மட்டும் நோட்டில் எழுதுகிறார். எத்தனை பேர் வந்தார்கள், என்ன நாணயம் என்ற விவரம் இல்லை. சராசரி நூறு ரூபாய் தேறுகிறது. எல்லாரும் ஒரு ரூபாய் போடுகிறவர்கள் என்றால் ஒரு நாளைக்கு நூறு பேர். பாய்சான் கணக்கில் திட்ட விலக்கம் நூறின் வர்க்கமூலம், பத்து. தொகை பெரும்பாலும் 90-க்கும் 110-க்கும் நடுவில் நிற்கும். எல்லாரும் பத்து ரூபாய் நாணயம் போடுகிறவர்கள் என்றால் ஒரு நாளைக்குப் பத்தே பேர். ஆள் கணக்கில் விலக்கம் மூன்றுக்குக் கொஞ்சம் மேல். ரூபாயில் 32. ஒருநாள் எழுபது, மறுநாள் நூற்றிருபது என்று நோட்டு தள்ளாடும். விலக்கத்தை வர்க்கப்படுத்தினால் வருவது பரவற்படி. முதல் கோயிலில் அது 100, இரண்டாவதில் 1000. அதைச் சராசரித் தொகையான நூறால் வகுத்துப் பாருங்கள். முதலில் 1, அடுத்ததில் 10. நாணயத்தின் மதிப்பு அப்படியே வந்து விழுகிறது. சராசரியின் வர்க்கத்தைப் பரவற்படியால் வகுத்தால் 100, 10 என்று ஆள் எண்ணிக்கை வருகிறது. உண்டியலைத் திறக்காமலே இரண்டும் தெரிந்துபோயிற்று.

சராசரி மட்டும் தெரிந்தவனுக்கு இரண்டு கோயிலும் ஒன்றுதான். தள்ளாட்டத்தைப் பிழை என்று தள்ளிவிடச் சொல்லித்தரும் பாடநூல்கள்மேல் எனக்கு அதனால்தான் கொஞ்சம் கோபம்.

காட்ஸ் இதே வகுத்தலை இன்னும் கீழே கொண்டுபோனார். ரிக்கார்டோ மிலேடியுடன் சேர்ந்து தசையின் மேல் அசிட்டைல்கோலினைச் சொட்டிக்கொண்டே இருந்தபோது, மின்னழுத்தக் கோடு இடம் மாறியதோடு கொஞ்சம் தடித்தும் போனது. அந்தத் தடிப்புதான் பரவற்படி. அதிலிருந்து ஒரே ஓர் அடிப்படை நிகழ்வின் அளவு சுமார் 0.3 மைக்ரோவோல்ட் என்று 1970 வாக்கில் கணித்தார்கள். பொட்டலத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் சிறியது. அவ்வளவு சிறிய ஒன்றைத் தனியாகப் பதிவு செய்ய அப்போது கருவி கிடையாது. 1976-ல் எர்வின் நேஹரும் பெர்ட் சக்மனும் ஒற்றை அயனிவாயில் திறந்து மூடும்போது ஓடும் மின்னோட்டத்தை நேரடியாகவே பதிவு செய்து காட்டினார்கள். கருவி வந்து சேர ஆறு வருஷம் பிடித்தது.

ஆஸ்பத்திரிப் பக்கமும் இந்தக் கணக்கு வந்திருக்கிறது. எங்கள் கல்லூரியில் தாவரவியல் நடத்திய அக்கா ஒருவருக்கு மாலையானால் இமை தொங்கிவிடும். "காலையில நல்லாத்தான்டி இருக்கேன், நாலு மணிக்கு மேல போர்டு ரெண்டு போர்டா தெரியுது" என்பார். கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடியை மாற்றிக்கொண்டும் பயனில்லை. கடைசியில் நரம்பியல் மருத்துவர் கையில் மின்முனை ஒட்டி, நொடிக்கு மூன்று வீதம் நரம்பைத் தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தட்டலுக்கும் தசையின் பதில் படிப்படியாக இறங்கியது. மயஸ்தீனியா கிரேவிஸ். இப்போது மாத்திரையில் சமாளித்துக்கொண்டு, மாலைத் தொடர்களை ஒன்றுவிடாமல் பார்க்கிறார்.

அந்த நோயில் தசை ஏன் சோர்கிறது? நரம்பு குறைவான பொட்டலங்களை அனுப்புகிறதா, பொட்டலம் ஒவ்வொன்றும் தசையில் உண்டாக்கும் விளைவு சிறுத்துவிட்டதா? 1964-ல் ஸ்வீடனில் எல்ம்க்விஸ்டும் கூட்டாளிகளும் நோயாளிகளின் விலாத் தசைத் துணுக்குகளில் காட்ஸின் கணக்கைப் போட்டார்கள். பொட்டல எண்ணிக்கை சரியாகவே இருந்தது. ஒவ்வொன்றின் அளவு மட்டும் மிகவும் சிறுத்திருந்தது. லாம்பர்ட்-ஈட்டன் என்ற இன்னொரு தசைச் சோர்வில் கதை நேர்மாறு: அளவு சரி, எண்ணிக்கை குறைவு. வெளியிலிருந்து பார்க்க இரண்டுமே தசைச் சோர்வுதான். உள்ளே பழுது வேறு வேறு பக்கம்.

ஆனால் 1964-ல் அவர்கள் எழுதிய முடிவில் ஒரு வழுக்கல் இருந்தது. பொட்டலத்துக்குள் சரக்கே குறைந்துவிட்டது என்று நினைத்தார்கள். அளவு சிறுத்தது என்பதுவரைதான் கணக்கு சொல்லும். அனுப்பியவன் குறைத்துக் கட்டினானா, வாங்குகிறவனுக்குக் கை போதவில்லையா என்று அதனால் சொல்லமுடியாது. அதற்குக் கட்டுவிரியன் வரவேண்டியிருந்தது. தைவானின் கட்டுவிரியன் ஒன்றின் நஞ்சில், அசிட்டைல்கோலின் ஏற்பியைப் போய்ப் பிடித்துக்கொண்டு விடாத புரதம் இருக்கிறது. அதில் கதிரியக்க அடையாளம் ஏற்றி நோயாளிகளின் தசையில் விட்டுப் பார்த்தபோது, ஏற்பிகள் வழக்கத்தில் கால்பங்கு அளவுக்குக் குறைந்திருப்பது 1973-ல் தெரிந்தது. உடலின் எதிர்ப்பாற்றலே ஏற்பிகளை அழித்துக்கொண்டிருந்தது.

இதே வழுக்கல் மூளை ஆராய்ச்சியில் பெரிதாக ஒருமுறை நடந்தது. 1973-ல் டிம் பிளிஸ், டெரியே லோமோ இருவரும் முயலின் மூளையில், ஹிப்போகாம்பஸ் பகுதிக்குப் போகும் நரம்பிழைகளை வேகமாகக் கொஞ்ச நேரம் தூண்டினால், இணைப்புகள் மணிக்கணக்கில் வலுப்பட்டு நிற்கின்றன என்று காட்டியிருந்தார்கள். நினைவு பதிவதற்கு இதுதான் அடிப்படை என்று பலரும் நம்பினார்கள். சரி, வலுவடைவது எந்தப் பக்கம்? அனுப்பும் நரம்பணுவா, வாங்கும் நரம்பணுவா? காட்ஸின் வகுத்தல் கைவசம் இருக்கும்போது என்ன கவலை! 1990-ல் பெக்கர்ஸும் ஸ்டீவன்ஸும் ஒரு பக்கம், மலினோவும் சியனும் ஒரு பக்கம், தனித்தனியே கணக்குப் போட்டார்கள். வலுவடைந்த பிறகு ஒன்றும் வராத தடவைகள் குறைந்திருந்தன. சராசரியின் வர்க்கத்தைப் பரவற்படியால் வகுத்த எண் கூடியிருந்தது. உண்டியல் கணக்கில் அது ஆள் எண்ணிக்கை. ஆகவே அனுப்புகிற பக்கம்தான் மாறியது என்று எழுதினார்கள். கணக்கில் எங்கும் தப்பில்லை. இருந்தாலும் மற்ற சோதனைகள் பலவும் வாங்கும் பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தன.

முடிச்சு 1995-ல் அவிழ்ந்தது. ஹிப்போகாம்பஸில் சில இணைப்புகள் ஊமையாக இருக்கின்றன. அனுப்பும் நரம்பணு பொட்டலத்தைப் போட்டாலும், உடனே பதில் தரும் ஏற்பிகள் எதிர்ப்பக்கத்தில் இல்லை. இன்னொரு வகை ஏற்பி இருக்கிறது, ஆனால் மக்னீசியம் அதை அடைத்துக்கொண்டிருக்கிறது. நரம்பணுவின் மின்னழுத்தத்தைச் செயற்கையாக உயர்த்தி அடைப்பை நீக்கினால் பதில் வருகிறது. பொட்டலம் வந்துகொண்டுதான் இருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை. இணைப்பு வலுவடையும்போது அங்கே புதிய ஏற்பிகள் வந்து உட்கார்கின்றன, ஊமை பேச ஆரம்பிக்கிறது. உண்டியல் வாய் அடைபட்டிருந்த நாள்களில் நாணயங்கள் திண்ணையில் கிடந்தன. வாயைத் திறந்துவிட்டதும் நோட்டில் தொகை ஏறியது. வருகிற ஆள் கூடிவிட்டதாக நாம் எழுதிக்கொண்டோம்.

இதைக் காட்டிய இரண்டு குழுக்களில் ஒன்று மலினோவின் குழு. 1990-ல் அனுப்பும் பக்கம் என்று எழுதிய அதே மலினோவ். மூளையில் எல்லா இணைப்பும் இப்படித்தான் என்றும் சொல்லிவிட முடியாது. ஹிப்போகாம்பஸுக்குள்ளேயே வேறொரு வகை இணைப்பில் வலுவடைவது உண்மையாகவே அனுப்பும் பக்கம்தான்.

தள்ளாட்டம் தனி நரம்பணுவோடு நிற்பதில்லை. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினாலும் மூளைப் புறணியில் ஒரு நரம்பணு ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்ணிக்கையில் துடிக்கும். பரவற்படி கிட்டத்தட்டச் சராசரி அளவுக்கே இருக்கும். மறுபடியும் பாய்சான் சாயல். பல நரம்பணுக்களின் சராசரியை எடுத்தால் தள்ளாட்டம் அடங்கிவிடாதா? நூறு நரம்பணு என்றால் பரவற்படி நூறில் ஒன்றாகக் குறையும், கோடி என்றால் காணாமலே போகும். வகுப்பில் சொல்லித்தருவது அதுதான்.

1994-ல் சோஹரி, ஷாட்லன், நியூசம் மூவரும் குரங்கின் மூளையில், அசைவைக் கவனிக்கும் பகுதியில் இரண்டிரண்டு நரம்பணுக்களாகப் பதிவு செய்தார்கள். ஒரு நரம்பணு அதிகம் துடிக்கும் தடவைகளில் பக்கத்து நரம்பணுவும் கொஞ்சம் அதிகம் துடித்தது. ஒட்டுறவுக் கெழு சராசரியாக 0.12. கேட்டால் சின்ன எண். கணக்குப் போட்டால் தலையில் கைவைக்க வேண்டியதுதான். நூறு நரம்பணுக்களின் சராசரியை எடுத்தாலும் பரவற்படி 0.13 பங்குக்குக் கீழே இறங்காது. பத்து லட்சம் எடுத்தாலும் 0.12. ஒன்றோடொன்று உறவில்லாத எட்டு நரம்பணு தரும் துல்லியத்துக்கு மேல் மொத்தக் கூட்டத்தாலும் தரமுடியாது. குரங்கின் பார்வைத் தீர்ப்பு ஏன் அதன் ஒற்றை நரம்பணுவைவிடப் பிரமாதமாக இல்லை என்பதற்கு அவர்கள் சொன்ன விளக்கம் இது. ஆனால் எல்லா ஒட்டுறவும் கெடுதல் செய்யும் என்று பிறகு வந்தவர்கள் ஏற்கவில்லை. நரம்பணுக்கள் எதற்கு எப்படிப் பதில் சொல்கின்றன என்பதைப் பொறுத்து சில ஒட்டுறவு உதவியும் செய்யும்.

இப்போது இரண்டிரண்டாகப் பார்க்கவேண்டிய அவசியமில்லை. 2017-ல் வந்த நியூரோபிக்சல்ஸ் என்ற சிலிக்கான் ஊசியில் 960 பதிவுப் புள்ளிகள். ஒரே நேரத்தில் 384-லிருந்து தகவல் எடுக்கலாம். இரண்டு மூன்று ஊசி இறக்கினால் ஆயிரம் நரம்பணு கிடைத்துவிடுகிறது. ஆயிரம் நரம்பணுக்கு 4,99,500 ஜோடி. உண்மையில் எந்த ஜோடிக்கும் உறவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து சதவீத மட்டத்தில் சோதித்தால் ஏறத்தாழ இருபத்தைந்தாயிரம் ஜோடிகள் உறவு இருப்பதாகக் கையைத் தூக்கும். 2009-ல் செத்த சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து மனிதப் படங்களைக் காட்டியதும், பல சோதனைகளை ஒன்றாகச் செய்வதற்கான திருத்தம் செய்யாத கணக்கில் 8,064 புள்ளிகளில் 16 'விழித்துக்கொண்டதும்' இந்தக் கூத்துதான். திருத்தம் போட்டதும் மீன் மறுபடி செத்துப்போனது.

என் பழைய மாணவி ஒருத்தி இப்படிப்பட்ட பதிவுகளோடுதான் வேலை செய்கிறாள். தரவைக் கலைத்துப்போட்டுச் சோதிப்பது அவர்கள் ஆய்வுக்கூடத்து வழக்கம். ஒரு நரம்பணுவின் தடவைகளை அப்படியே விட்டுவிட்டு, அடுத்ததன் தடவைகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் குலுக்கி மறுபடி கணக்கிடுவார்கள். ஒரே கணத்தில் சேர்ந்து ஆடியதால் வந்த உறவு குலுக்கினால் கலைந்துவிடும். கலையாமல் நிற்பது வேறு காரணத்தால் வந்தது. அவ்வப்போது எனக்கு இரண்டு வரைபடம் அனுப்புவாள், ஒன்று அசல், ஒன்று குலுக்கியது. எது எது என்று சொல்லமாட்டாள். "மேடம், எது நெஜம்னு பாருங்க" என்று மட்டும் ஒரு குரல் செய்தி வரும். போன தடவை வந்ததில் என்னால் பிரித்துச் சொல்லமுடியவில்லை. அந்த வரைபடத்தை அவள் கட்டுரையில் சேர்க்கவில்லை.